விரலில் மாட்டும் கருவி இருக்கும்போது கழுத்தில் குழாய் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சிரோசிஸ் முற்றிவிட்டது, கல்லீரல் மாற்று ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மகன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறான். அவனுக்கு 26 வயது. இன்னும் மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை. சென்ற வாரம் மயக்க மருத்துவர் எங்களை அழைத்துப் பேசினார். கணவருக்குக் கழுத்தில் பெரிய குழாய், மணிக்கட்டில் ஒரு குழாய், வாய் வழியாக இதய ஸ்கேன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஊசி குத்தாமலே, விரலில் ஒரு கிளிப் மாட்டி, உடம்புக்கு எவ்வளவு நீர் தேவை என்று சொல்லும் கருவிகள் வந்துவிட்டதாகப் படித்தேன். ஏற்கெனவே நொந்து போயிருக்கும் உடம்பு. அந்தக் கருவியை ஏன் பயன்படுத்தக்கூடாது? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒன்றரை வருடமாக உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி என்று வைத்திருக்கிறார்கள். அறுவையின்போது மட்டும் லிட்டர் கணக்கில் ஏற்றுவார்களாமே, அது அவரைக் கெடுக்காதா? மகனுக்கும் இதெல்லாம் உண்டா?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரும் மகனும் ஒரே நாளில், அடுத்தடுத்த அறைகளில் மேசையில் படுக்கப் போகிறார்கள். வெளியே காத்திருக்கப் போவது நீங்கள். இந்த நிலையிலும் கேள்விகளை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கல்லீரல் மாற்று அறையில் நோயாளியின் தலைமாட்டில் நின்று வேலை செய்கிற மயக்க மருத்துவர் நான். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

உங்கள் கணவரின் உடம்பில் நீர் நிறைய இருக்கிறது. வயிற்றில் இருக்கிறது, காலில் இருக்கிறது, சிலருக்கு நெஞ்சுக்கூட்டிலும் இருக்கும். ஆனால் ரத்தக் குழாய்க்குள், அது வேலை செய்ய வேண்டிய இடத்தில், போதவில்லை. ஒரு வாய்க்காலை இரண்டு மடங்கு அகலமாக வெட்டிவிட்டு, மதகில் பழைய அளவே தண்ணீர் திறந்தால் என்ன ஆகும்? தண்ணீர் தரையை நனைத்துக்கொண்டு போகும், கடைமடைக்கு எட்டாது. சிரோசிஸில் குடலைச் சுற்றியுள்ள குழாய்கள் அப்படித்தான் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. ஈடுகட்ட இதயம் கூடுதலாக இறைக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கிற இதயம், இவர்களுக்கு 8 லிட்டர், அதற்கு மேலும்கூட இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் பிபி குறைவாகவே நிற்கும். கடைமடையில் இருக்கும் சிறுநீரகம், தண்ணீர் வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பிடித்துவைத்த நீராவது குழாயில் தங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடிக்கும் அல்புமினும் குறைந்துவிட்டது. அதனால் நீர் வயிற்றுக்குள் கசிகிறது.

அவருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னது இந்தச் சுழலை மெதுவாக்கத்தான். தண்ணீரையும் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அநேகமாக அவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைவாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும்.

வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது கூடவே அல்புமின் பாட்டில் ஏற்றியிருப்பார்களே, கவனித்தீர்களா? அதிக அளவில் எடுக்கும்போது, எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் கொடுப்பது வழக்கம். வெளியே நீர் எடுக்கும் அதே நேரத்தில் குழாய்க்குள் நிரப்ப வேண்டியிருக்கிறது. அறுவையின்போது நடப்பதும் இதுதான், பல மடங்கு வேகத்தில் நடக்கும். வயிற்றைத் திறந்தவுடன் தேங்கியிருந்த நீர் லிட்டர் கணக்கில் வெளியேறும். வயிற்றுக்குள் இருந்த அழுத்தம் சட்டென்று விலகியதும் ரத்தம் அங்கே போய்த் தேங்கும். புடைத்துப் போன சிரைகளுக்கு நடுவே பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கும்போது ரத்தம் போகும். போனதை ஈடுகட்டத்தான் ஏற்றுகிறார்கள். இத்தனை லிட்டர் ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் கணக்கு வைத்துக்கொண்டு வருவதில்லை.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்றினால் கெடுமா என்று கேட்டீர்கள். அளவு தாண்டினால் கண்டிப்பாகக் கெடும். குழாயில் நீர் கூடக் கூட சிரைகளில் அழுத்தம் ஏறி, அறுத்த இடமெல்லாம் இன்னும் கசியும். ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் நீர்த்துப் போகும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வைத்த கல்லீரல் வீங்கும். உங்கள் மகன் கொடுப்பது முழுக் கல்லீரல் அல்ல, ஒரு பகுதி. சின்ன கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையின் மொத்த ரத்தமும் பாய்ந்தால் அது தாங்காது. எனவே இங்கே கைதாராளம் கூடாது. அதற்காகப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தால் சரியா? அதுவும் இல்லை. 2018-இல் வெளியான ரிலீஃப் என்ற பெரிய ஆய்வில், பெரிய வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,000 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். கட்டுப்படுத்தியவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 விழுக்காடுதான். அது கல்லீரல் மாற்றுக்காகச் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் ஏற்கெனவே கடைமடையில் காய்ந்து கிடக்கும் சிறுநீரகத்தோடு வருகிறவருக்கு எவ்வளவு கவனம் தேவை என்று அதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது விரல் கருவிக்கு வருவோம்.

நீங்கள் படித்ததில் ஒரு வாக்கியம் தவறு. உடம்புக்கு எவ்வளவு நீர் தேவை என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை. குத்திப் பார்க்கும் கருவியும் சொல்லாது, குத்தாத கருவியும் சொல்லாது. நல்ல கருவி ஒன்று சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இப்போது கொஞ்சம் நீர் கொடுத்தால் இதயம் அதைப் பயன்படுத்தி ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இறைக்குமா, இறைக்காதா? இறைக்கும் என்று பதில் வந்தாலும், கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது அரை லிட்டர் சலைன் ஏற்றினால் உங்கள் இதயமும் கூடுதலாகத்தான் இறைக்கும். அதனால் உங்களுக்கு சலைன் தேவை என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்விக்குக் குத்தாமல் பதில் தேடும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸிமீட்டர் வழிதான். அதன் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில், இதயம் எவ்வளவு இறைக்கிறது என்பதைக் குத்தாமல் அளக்கத்தான் முயன்றார். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காதுமடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி அது எப்படி நீர்த்துப் போகிறது என்று பார்த்தார். ஒவ்வொரு துடிப்பும் அந்தப் பதிவில் ஓர் அலையாகக் குறுக்கே வந்து கெடுத்தது. அதை எப்படி நீக்குவது என்று ஆராயும்போதுதான், அந்த அலையை வைத்தே ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கலாம் என்று கண்டார். இன்று எல்லார் விரலிலும் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அப்படிப் பிறந்தது. இப்போது அதே அலையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு, அவர் முதலில் தேடிய இடத்துக்கே நாங்கள் திரும்பி வந்திருக்கிறோம்.

எப்படி என்றால், மயக்கத்தில் இருப்பவருக்கு வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலிலும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் சற்றுக் குறைகிறது. குழாய்கள் நிறைந்திருந்தால் இதயம் அதைப் பொருட்படுத்தாது. வறண்டிருந்தால் அடுத்த சில துடிப்புகள் சிறுத்துவிடும். விரலில் உள்ள அலை மூச்சுக்கு மூச்சு எவ்வளவு மாறுகிறது என்பதை விழுக்காடாகக் காட்டுவதுதான் நீங்கள் படித்த அந்தக் கருவி. ஏறக்குறைய 14-க்கு மேல் போனால் நீர் கொடுத்தால் பலன் இருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறோம். அழகான யோசனை. ஊசி இல்லை, வலி இல்லை, கிருமி நுழைய வழியில்லை.

ஆனால் அது சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் சில ஏற்பாடுகள் சரியாக இருக்க வேண்டும். இதயம் சீராகத் துடிக்க வேண்டும். வென்டிலேட்டர் தள்ளும் காற்று போதுமான அளவு, அதாவது கிலோவுக்கு 8 மில்லிலிட்டராவது இருக்க வேண்டும். நுரையீரலைக் காப்பாற்ற நாங்களோ பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வைக்கிறோம். விரலுக்கு ரத்தம் நன்றாகப் பாய வேண்டும். இதயத்தின் வலது பக்கம் திடமாக இருக்க வேண்டும். கல்லீரல் மாற்றில் இவை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. பிபியைத் தாங்க நார் அட்ரினலின் ஓடும். அது விரல்களின் குழாய்களைச் சுருக்கிவிடும். வயிறு மணிக்கணக்கில் திறந்து கிடப்பதால் உடம்பு குளிரும். விலா எலும்புகளை மேலே தூக்கி இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கரங்கள் நெஞ்சின் அசைவையே மாற்றிவிடும். எல்லாம் அமைதியாக இருக்கும்போது கருவி நன்றாகப் பேசும். நமக்கு அதன் பேச்சு மிகவும் தேவைப்படும் நிமிடத்தில் அலை மெலிந்து எண் தடுமாறும்.

அந்த நிமிடம் எது என்று சொல்லிவிடுகிறேன். பழைய கல்லீரலை எடுத்து, புதியதைத் தைத்து முடித்து, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்து ரத்தத்தை உள்ளே விடும் நேரம். அதுவரை பனிக்கட்டிக் குளிரில் இருந்த கல்லீரலிலிருந்து குளிர்ந்த, அமிலம் ஏறிய, பொட்டாசியம் மிகுந்த ரத்தம் நேராக இதயத்துக்குள் வந்து விழுகிறது. சிலருக்கு பிபி சட்டென்று சரியும். முதல் 5 நிமிடத்துக்குள், முன்பிருந்த அளவிலிருந்து 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால் அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். உறவினர் ஒருவர் பக்கத்து அறையிலேயே கொடுக்கும் கல்லீரல் அதிக நேரம் குளிரில் கிடப்பதில்லை. அதனால் இந்தச் சரிவு பொதுவாக மிதமாகவே இருக்கும். உங்கள் கணவருக்கு அது ஒரு சாதகம். இருந்தாலும் அந்த 5 நிமிடம் எங்கள் அறையில் யாரும் தேவையில்லாமல் பேசமாட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன் அப்படியொரு 5 நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். கிளாம்பை எடுத்தாயிற்று, பிபி 50-க்கு இறங்கிவிட்டது. விரல் கருவியில் எண் 20-ஐத் தாண்டிவிட்டது. வறட்சி, நீரைத் திற என்று அது சொல்கிறது. என் கை டிரிப்பைத் திறக்கப் போய்விட்டது. அதற்குள் உணவுக்குழாய் வழியாக வைத்திருந்த எக்கோவை, அதாவது இதய ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்த சக மருத்துவர் நிறுத்துங்கள் என்றார். திரையில் இதயத்தின் வலது அறை பலூன் போல விரிந்து, இடது அறையைச் சுவரோடு சுவராக நெருக்கிக்கொண்டிருந்தது. வலது இதயம் சோர்ந்துபோனாலும் விரலில் உள்ள அலை அதேபோல ஏறி இறங்கும். கருவிக்கு வறட்சியும் ஒன்றுதான், நெரிசலும் ஒன்றுதான். அந்த நேரத்தில் நான் நீரைத் திறந்திருந்தால் அந்த ரத்தம் முன்னே போக வழியில்லாமல் திரும்பி, அப்போதுதான் உயிர்பெற்ற கல்லீரலுக்குள்ளேயே தேங்கியிருக்கும். நீர் கொடுக்கவில்லை; இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தும் கால்சியமும் கொடுத்தோம். சில நிமிடங்களில் மீண்டார். அன்றிலிருந்து, எக்கோவில் இதயத்தை நேரில் பார்க்காமல் அந்த 5 நிமிடத்தில் நான் நீரை அவிழ்ப்பதில்லை.

எனவேதான் வாய் வழியாகச் செய்யும் ஸ்கேன். அது எந்த ரத்தக் குழாயையும் குத்துவதில்லை, மயக்கத்தில் இருப்பதால் அவருக்குத் தெரியவும் தெரியாது. இதயம் நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா, சோர்ந்திருக்கிறதா, உள்ளே ரத்தக்கட்டி மிதக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அவருடைய உணவுக்குழாயில் சிரைகள் புடைத்திருக்கலாம், குத்திவிடாதா என்று நீங்கள் பயப்படலாம். முன்பே எண்டோஸ்கோப்பி செய்து வளையம் போட வேண்டியவற்றுக்குப் போட்டிருந்தால், கவனமாகச் செய்யும்போது ரத்தம் கசிவது அரிது. கடைசியாக எண்டோஸ்கோப்பி செய்த தேதியும் அந்த அறிக்கையும் உங்கள் மயக்க மருத்துவரிடம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அடுத்து கழுத்துக் குழாய். இங்கே உங்கள் சந்தேகத்தோடு பாதி தூரம் நானும் வருகிறேன். ஒரு காலத்தில் கழுத்துச் சிரையில் அளக்கும் அழுத்தத்தை, அதாவது சிவிபி எண்ணைப் பார்த்தே நீர் கொடுத்தார்கள். குறைவாக இருந்தால் ஏற்று, கூடினால் நிறுத்து என்பது பாடம். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2008-இல் வந்த ஒரு கட்டுரை, நீர் கொடுத்தால் பலன் உண்டா என்பதை அந்த எண் சொல்வதில்லை என்று காட்டியது. இன்று அந்தப் பழக்கத்துக்கு ஆதரவு குறைந்துவிட்டது. மிகவும் ஏறிவிட்டால் கல்லீரல் வீங்குமே என்று ஓர் எச்சரிக்கையாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் குழாய் எதற்கு? அளப்பதற்கு மட்டும் குழாய் போடுவதில்லை, சகோதரி. நார் அட்ரினலினைக் கையில் உள்ள சின்னச் சிரையில் மணிக்கணக்கில் ஓடவிட முடியாது, கசிந்தால் தசையே கருகிவிடும். கழுத்தின் பெரிய சிரை வேண்டும். ரத்தம் வேகமாகப் போனால் அதே வேகத்தில் திருப்பி ஏற்ற அகலமான வழி வேண்டும். மணிக்கட்டுக் குழாயும் அப்படியே. அதிலிருந்து பிபி ஒவ்வொரு துடிப்புக்கும் தெரிகிறது. அதைவிட முக்கியம், அந்த வழியாக மணிக்கு ஒரு தடவையாவது, சிக்கலான கட்டங்களில் இன்னும் அடிக்கடியும், ரத்தம் எடுத்துப் பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் லேக்டேட், ஹீமோகுளோபின் பார்க்கிறோம். பாட்டில் ரத்தத்தில் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்திருப்பார்கள். அதைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரல். கல்லீரலே இல்லாத அந்த இடைவேளையில் சிட்ரேட் தேங்கி, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் தளரும். இதைக் கண்டுபிடிக்க விரல் கிளிப்பால் முடியாது. முன்பு சொன்ன சோடியமும் இங்கேதான் வருகிறது. நாள்பட்டுக் குறைந்திருந்த சோடியம் ஏற்றும் திரவங்களால் ஒரே நாளில் மளமளவென்று உயர்ந்தால் மூளை நரம்புகளின் உறை சிதையக்கூடும். அது எவ்வளவு ஏறுகிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே, எந்தத் திரவம் என்று தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே அளப்பதற்கு எவ்வளவு நல்ல குத்தாத கருவி வந்தாலும், உங்கள் கணவருக்கு அன்று ஒரு ஊசிகூடக் குறையப் போவதில்லை.

விரல் கிளிப் தவிர வேறு குத்தாத கருவிகளும் இருக்கின்றன. செக் நாட்டு உடலியலாளர் யான் பெனாஸ் 1973-இல் காட்டிய வழியில், விரலைச் சுற்றி ஒரு சின்னப் பட்டையைக் கட்டித் துடிப்புக்குத் துடிப்பு பிபி அளக்கிறார்கள். விரல் வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால் அது தடுமாறும். நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தி இதயம் இறைப்பதைக் கணிக்கும் கருவி உண்டு. மின்கத்தி ஓயாமல் இயங்கும் அறையில் அதன் எண்களை நான் பெரிதாக நம்புவதில்லை. விரல் வழியாகவே ஹீமோகுளோபின் காட்டும் கருவியும் இருக்கிறது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கலாம்; அதை மட்டும் நம்பி ரத்தம் ஏற்றும் முடிவை எடுக்கமாட்டேன். நெற்றியில் ஒட்டி மூளைக்குப் போகும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் பட்டையை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால் அந்த மஞ்சள் நிறமியே ஒளியை விழுங்கி, எண்ணைக் குறைத்துக் காட்டும். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, அதிலிருந்து எவ்வளவு மாறியது என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் குத்தாத கருவிகளை நான் ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம். உங்கள் மகனின் அறைக்கு வாருங்கள், அங்கே நிலைமை வேறு. அவர் ஆரோக்கியமானவர், ரத்தக் குழாய்கள் திடமாக இருக்கின்றன, விரலில் ரத்தம் நன்றாகப் பாய்கிறது, நார் அட்ரினலின் அநேகமாகத் தேவைப்படாது. அந்தக் கருவிகள் சரியாகப் பேசுவதற்கு வேண்டிய எல்லாமே அவரிடம் இருக்கிறது. கொடையாளர்களுக்குக் கழுத்துக் குழாயைத் தவிர்த்துவிட்டு, துடிப்பின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து நடத்தும் குழுக்கள் உண்டு. என் விருப்பமும் அதுவே. தனக்கென்று எந்த நோயும் இல்லாமல், அப்பாவுக்காக மேசையில் படுக்கும் பிள்ளைக்கு, தேவையில்லாத ஒரு ஊசிகூடப் போடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மணிக்கட்டுக் குழாயை மட்டும் பெரும்பாலும் வைப்போம். ரத்தம் திடீரென்று போனால் அந்த நொடியே தெரிய வேண்டும். கழுத்துக் குழாய் அவருக்கு அவசியமா, ஏன் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அந்தக் குழு போடத்தான் வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மகனுடைய கல்லீரலை வெட்டிப் பிரிக்கும்வரை அவருக்கு வேண்டுமென்றே நீரைக் குறைவாக வைத்திருப்பார்கள். சிரைகள் நிறைந்திருந்தால் வெட்டும் பரப்பெல்லாம் கசியும். சற்று வற்றியிருந்தால் ரத்தம் குறைவாகப் போகும். அப்போது அவருடைய திரையில் ஏற்ற இறக்கம் 15 என்று நின்றால், நல்லது, இப்படியே இருக்கட்டும் என்று விடுவார் அந்த அறையின் மயக்க மருத்துவர். அந்தப் பகுதி வெளியே போனதும் ஈடுகட்டிவிடுவார். அதே நேரத்தில் பக்கத்து அறையில், அப்பாவின் திரையில் அதே 15 வந்தால் நான் எக்கோவைப் பார்ப்பேன், வயிற்றில் எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று பார்ப்பேன், லேக்டேட் ஏறுகிறதா என்று பார்ப்பேன், அதன்பிறகு 100 மில்லியோ 250 மில்லியோ கொடுத்து இதயம் கூடுதலாக இறைக்கிறதா என்று பார்ப்பேன். இறைத்தால் சரி. இறைக்காவிட்டால் அடுத்த பாட்டிலுக்குப் போகாமல் மருந்தின் அளவை மாற்றுவேன். இரண்டு திரையிலும் ஒரே எண்தான். தலைமாட்டில் நிற்பவர் அந்த உடம்பை வைத்து அதைப் படிக்கிறார்.

கணவரைப் பற்றி இன்னொரு விஷயம். முன்பரிசோதனை எக்கோவில் நுரையீரல் குழாய்களில் அழுத்தம் அதிகமாகத் தெரிந்திருந்தால், இதயத்தின் வலது பக்கம் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி அதை நேராக அளப்பார்கள். அதில் மட்டும் குத்தாத வழி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அந்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் முதலில் மருந்து கொடுத்துக் குறைத்த பிறகே மாற்று அறுவைக்குப் போக முடியும். எக்கோ காட்டுவது கணிப்புதான், குழாய் காட்டுவது அளவு. அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

மருத்துவரை மறுபடி சந்திக்கும்போது எந்த நிறுவனத்தின் கருவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம், அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. புதுக் கல்லீரலுக்குள் ரத்தத்தை விடும் நேரத்தில் எக்கோவைப் பார்க்கத் தெரிந்தவர் அறையில் இருப்பாரா என்று கேளுங்கள். ரத்தம் எப்படி உறைகிறது என்பதை அறையிலேயே வரைபடமாகக் காட்டும் சோதனை உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் பிளாஸ்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாமல், எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்கலாம். ஏற்றும் நீரின் அளவே கணிசமாகக் குறையும். இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் நான் நிம்மதி அடைவேன்.

இந்த மூன்று வாரமும் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, ஒரே எடைக் கருவியில் அவருடைய எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நீர் பிரியும் மாத்திரையை அறுவைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள், உங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். காய்ச்சல், மூச்சு வாங்கல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல் எது வந்தாலும் அன்றே தெரியப்படுத்துங்கள். அந்த எடைக் குறிப்பை அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் கையில் கொடுங்கள். எத்தனை லிட்டர் நீரோடு இவர் மேசைக்கு வருகிறார் என்பதற்கு எங்களுக்குக் கிடைக்கும் மிக நல்ல, குத்தாத அளவு அதுதான்.

அறுவை முடிந்து ஐ.சி.யு.வில் முதன்முதலாகப் பார்க்கும்போது கணவரின் முகமும் கையும் வீங்கியிருக்கலாம். ஏற்றியதில் ஒரு பங்கு ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்து நிற்கும். புதுக் கல்லீரல் வேலை செய்யத் தொடங்கி, சிறுநீரும் நன்றாகப் போக ஆரம்பித்தால் படிப்படியாக வடியும். அங்கே குத்தாத வழிகளுக்கு மறுபடி இடம் உண்டு. நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ, கல்லீரலுக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எல்லாம் தினமும் நடக்கும். சில சமயம் கட்டிலைச் சாய்த்துக் காலை உயர்த்தியும் பார்ப்பார்கள். காலில் உள்ள சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு வரும். பலன் தெரியாவிட்டால் காலைக் கீழே இறக்கிவிடலாம், ஏற்றிய பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாதே. கட்டிலைச் சாய்க்கிறார்களே என்று பதற வேண்டாம்.

ஒவ்வொரு குழாயையும், தேவை முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். நாள் கூடக் கூடக் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். கழுத்துக் குழாய் இன்னும் வேண்டுமா என்று தினமும் காலையில் ஒரு முறை கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டோம். மகன் பெரும்பாலும் சில நாட்களிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். இருவரும் நலமாக வந்த பிறகு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மயக்க மருத்துவர்